குத்திக் காசில் ஓடும் டொபி இயந்திரம்: கிழக்கில் இதற்கு எதிர்காலம் உண்டா?

கத்தாரிலிருந்து திரும்பி இப்போது இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் டொபியோ சிறிய விளையாட்டுச் சாமானோ விழும் இயந்திரங்கள் பத்தைத் தன் சேமிப்பில் வாங்கி, மட்டக்களப்பு நகரிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள கடைகளில் வைத்தால் மாதாந்தம் ஒரு வருமானம் நிற்குமா, இத்தொழில் இனியும் நிலைக்குமா என்று அவர் கேட்கிறார். கொழும்பு விற்பனையாளர் ஒருவர் இயந்திரங்களோடு அவற்றை வைப்பதற்கான இடங்களையும் சேர்த்தே பேசித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். கரையோரப் பாதையிலுள்ள கடைகளுக்கு இனிப்பும் பிஸ்கட்டும் விநியோகிப்பது என் தொழில். அதோடு இவ்வகை இயந்திரங்கள் சிலவற்றை நிரப்பவும் பழுதுபார்க்கவும் நேர்ந்திருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்தும், வெளிநாடுகளில் இத்தொழில் நடந்த விதம் பற்றி அறிந்ததிலிருந்தும் பதில் சொல்கிறேன்.

டொபி, பபிள்கம் இயந்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் எதிர்காலம் இல்லை என்பது என் கணிப்பு. பிளாஸ்டிக் கப்சூலுக்குள் விளையாட்டுச் சாமான் வரும் இயந்திரத்துக்கு ஓரளவு உண்டு. ஆனால் அது ஏற்கெனவே வேறு வேலையாகக் கடை கடையாகப் போய்வருபவருக்குப் பக்க வருமானமாக அமையுமே தவிர, ஒரு குடும்பத்தைத் தாங்கும் தொழிலாக அமையாது.

காரணத்தை விளங்கிக்கொள்ள, இயந்திரத்தின் உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும். இதில் மின்சாரம் இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்த நாட்களிலும் இது தடையின்றி ஓடியிருக்கும். அந்த ஒரு விடயத்தில் இதை மெச்சத்தான் வேண்டும். காசைத் துளைக்குள் வைத்துக் கைப்பிடியைத் திருகும்போது, உள்ளே இருக்கும் ஒரு சிறிய நெம்பு அந்தக் காசின் விளிம்பைத் தொட்டுப் பார்க்கிறது. விட்டமும் தடிப்பும் பொருந்தினால் பல்சக்கரம் சுழன்று, கண்ணாடிக் குடத்தின் அடியிலுள்ள துளைச் சக்கரத்தை ஓர் இடம் நகர்த்த, துளையில் அமர்ந்திருந்த பொருள் கீழே விழுகிறது. அதாவது இயந்திரத்துக்குக் காசின் பெறுமதி தெரியாது, அளவு மட்டுமே தெரியும். விலையை இரும்பில் வெட்டி வைத்த ஒரு கடை என்று இதைச் சொல்லலாம். பொருளின் கொள்விலை ஏறினாலும் விற்பனை விலையை ஒரு ரூபாயால்கூட உயர்த்த முடியாது. அடுத்த பெரிய நாணயத்துக்குத் தாவ வேண்டும், அல்லது துளைக்குள் விழும் பொருளைச் சிறிதாக்க வேண்டும்.

அமெரிக்காவில் இத்தொழில் தேய்ந்ததற்கும் இதுவே வேர்க் காரணம். தோமஸ் அடம்ஸ் என்பவரின் சுவிங்கம் நிறுவனம் 1888 இல் நியூயோர்க்கின் மேம்பால ரயில் மேடைகளில் இயந்திரங்களை வைத்தது முதல், அங்கே ஒரு சதக் காசுதான் இந்த வியாபாரத்தின் உயிராக இருந்தது. பின்னர் அது 25 சதக் காசுக்கு மாறி, பல தசாப்தங்கள் அங்கேயே நின்றுவிட்டது. சீனி, பிளாஸ்டிக், எரிபொருள், கடைக்காரர் கேட்கும் பங்கு எல்லாம் ஏறிக்கொண்டேயிருக்க, கைப்பிடி மட்டும் அதே காசையே கேட்டது. இரண்டு காசுகள் போடும் பொறியைப் பூட்டிப் பார்த்தார்கள். அதற்குள் மக்கள் அட்டையில் பணம் செலுத்தப் பழகிவிட, பையில் சில்லறை வைத்திருப்பதே குறைந்துபோனது.

ஜப்பானில் கதை வேறுவிதமாகப் போனது. 1965 இல் அமெரிக்க இயந்திரங்களைக் கொண்டுவந்தே அங்கும் தொடங்கினார்கள். ஆனால் அவர்கள் இனிப்பை விட்டுவிட்டுக் கப்சூலுக்குள் வரும் பொம்மையைப் பிடித்துக்கொண்டார்கள். 1977 இல் பண்டாய் என்னும் பொம்மை நிறுவனம் 100 யென் விலையில் இத்துறைக்குள் வந்தது. 100 யென் என்பது அங்கே ஒற்றை நாணயம். 500 யெனுக்கும் நாணயம் இருக்கிறது. ஆகவே விலை 300, 400, 500 யென் என்று ஏறியபோதும், சில நாணயங்களைச் சேர்த்துப் போடவைத்து இயந்திரத்தால் ஈடுகொடுக்க முடிந்தது. டோக்கியோவின் இக்கேபுக்குரோவில் 3000 க்கும் அதிகமான கப்சூல் இயந்திரங்களை ஒரே இடத்தில் அடுக்கிய கடை 2021 இல் கின்னஸ் பதிவு பெற்றது. அங்கே வாங்குவோரில் பெரும்பகுதியினர் பிள்ளைகளும் அல்லர். 2012 இல் தேநீர்க் கோப்பையின் விளிம்பில் தொங்கும் ஒரு பெண் பொம்மை வந்து, அலுவலகம் போகும் பெண்களைக் கைப்பிடி திருகவைத்தது. பெறுமதி தேயாத நாணயம், வளர்ந்தவரும் விரும்பும் பொருள், மாதந்தோறும் புதிய தொடர்கள் என்னும் மூன்றும் ஒன்றுசேர்ந்ததால் ஜப்பானில் இது வளர்கிறது.

எங்களிடம் முதலாவதே இல்லை. அன்றாடம் கையில் புழங்கும் நாணயங்களில் பெரியது 10 ரூபாய். 20 ரூபாய் நாணயமும் வெளிவந்திருக்கிறது, ஆனால் அந்தப் பெறுமதிக்குக் கையில் வருவது பெரும்பாலும் தாள்தான். 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350 ஐத் தாண்டியதும், இறக்குமதிப் பொம்மை எதையும் 10 ரூபாய் நாணயத்தோடு சேர்த்துப் பேச இயலாமல் போய்விட்டது. நாணயங்களும் ஒரே சீரானவை அல்ல. 2013 இல் 25 மாவட்டங்களின் பெயரிலும் 10 ரூபாய் நாணயங்கள் வந்தன; மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் தனித்தனியே உண்டு. பின்னர் 2017 இல் 1, 2, 5, 10 ரூபாய் நாணயங்களைக் கறையில்லா உருக்குக்கு மாற்றினார்கள். பழையதும் புதியதும் தேய்ந்ததும் கலந்து வரும் பையிலிருந்து எடுத்துப் போடும்போது நெம்பு சிலவற்றை ஏற்கும், சிலவற்றில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் பிள்ளை அழும், தாய் கடைக்காரரிடம் போவார், கடைக்காரர் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எங்கள் பெட்டிக்கடைகளில் 5 ரூபாய் மீதி கொடுக்கச் சில்லறை இல்லாவிட்டால் டொபி போத்தலைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். டொபியே சில்லறையாகிவிட்ட ஊரில், சில்லறை போட்டு டொபி எடுக்கும் இயந்திரத்துக்கு என்ன வேலை? போத்தலில் இருப்பது காகிதம் சுற்றிய டொபி, அதில் விலையும் காலாவதித் திகதியும் உண்டு. இயந்திரத்தின் துளைச் சக்கரத்தில் காகிதம் சுற்றியது சீராக விழாது. உறையில்லாத, மெழுகுப் பூச்சுள்ள உருண்டைகளே அதற்கு வேண்டும்.

உறையில்லாத இனிப்பு இந்தக் கரையோரத்தில் படும் பாட்டை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். களுவாஞ்சிகுடிப் பக்கத்துக் கடையொன்றில் மார்கழி மழை ஓய்ந்தபின் திறந்த ஓர் இயந்திரத்தில், கண்ணாடிக் குடத்தின் மேற்பாதியிலிருந்த பபிள்கம் உருண்டைகள் பளபளப்பாகவே இருந்தன. அடியிலிருந்தவை வியர்த்து, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, சக்கரத்தின் துளைகளில் பசையாகப் படிந்திருந்தன. காசு விழும் பெட்டியின் மூலையிலிருந்து சுள்ளெறும்புச் சாரை ஒன்று அச்சின் வழியே மேலே ஏறியிருந்தது. சக்கரத்தைக் கழற்றச் சுடுநீர் ஊற்ற வேண்டியிருந்தது. மாரியில் ஈரம், கச்சான் காற்று வீசும் மாதங்களில் சூடு, ஆண்டு முழுவதும் உப்புக்காற்று என்று எங்கள் காலநிலை இந்தப் பொறிக்கு மூன்று பக்கத்தாலும் பகை. குளிரூட்டிய கடைக்குள் வைத்தால் சமாளிக்கலாம். ஆனால் குளிரூட்டிய கடை வைத்திருப்பவர் தன் காசாளர் மேசைக்கு முன்னாலுள்ள இடத்தைச் சும்மா தரமாட்டார்.

உணவு என்பதால் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார்கள். உறையில்லாத இனிப்பைக் குடத்தில் கொட்டி வைக்கும்போது உற்பத்தியாளர் பெயர், சேர்மானங்கள், காலாவதித் திகதி ஆகியவற்றை வாங்குபவர் எங்கே பார்ப்பது என்று அவர் கேட்பது நியாயமான கேள்வியே. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் இனிப்புகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும்போது வாசலுக்கு வெளியே இயந்திரத்தை வைக்கும் யோசனை சட்டத்தில் நின்றாலும் ஊரில் நிற்காது. அத்துடன் காத்தான்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீங்கள் போகும் பாதையில் பல முஸ்லிம் ஊர்கள். விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலற்றின் சேர்ந்த இனிப்பு எதுவானாலும் ஹலால் முத்திரை எங்கே என்று கேட்பார்கள்; உறையைக் கழற்றிக் குடத்தில் கொட்டிய பிறகு காட்டுவதற்கு முத்திரை இருக்காது. கல்முனையில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனவே டொபியை விட்டுவிட்டுக் கப்சூலுக்கு வருவோம்.

கப்சூல் இயந்திரத்தை எங்கள் நாட்டில் ஓட்டுவதற்கு நடைமுறையிலுள்ள வழி டோக்கன்தான். 100 ரூபாய் கொடுத்தால் கடைக்காரர் ஒரு டோக்கன் தருவார். பிள்ளை அதைப் போட்டுத் திருகும். டோக்கனின் அளவு மாறாது, எனவே நெம்பு சிக்காது. விலையை உயர்த்த வேண்டுமென்றால் டோக்கனின் விலையை உயர்த்தினால் போதும், இயந்திரத்தைத் தொடத் தேவையில்லை. கடைக்காரரே நின்று டோக்கன் விற்பதென்றால் பொம்மையையும் அவரே விற்கலாமே, இயந்திரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தட்டில் வைத்த 100 ரூபாய்ப் பொம்மையைப் பார்த்து முகத்தைத் திருப்பும் அதே பிள்ளை, கைப்பிடியைத் தானே திருகி, கப்சூல் உருண்டு வரும் சத்தத்தைக் கேட்டு, உள்ளே என்ன நிறம் என்று பிரித்துப் பார்ப்பதற்காகத் தாயின் சேலையைப் பிடித்து இழுக்கிறது. விற்பனையாவது அந்தத் திருகல்தான். இதை மனதில் கொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும்.

அந்த எதிர்பாராத்தன்மை பற்றி ஓர் எச்சரிக்கை. எல்லாக் கப்சூலிலும் ஏறத்தாழ ஒரே பெறுமதியுள்ள சாமான் இருந்து, நிறமோ உருவமோ மட்டும் மாறுமானால் அது வியாபாரம். பத்தில் ஒன்றில் கைக்கடிகாரம், மிச்சத்தில் ஒன்றுக்கும் உதவாத ரப்பர் வளையம் என்று வைத்தால் அது சூது. பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் பரிபாலன சபையும் அதை அப்படித்தான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். இறக்குமதியாளர்கள் இரண்டு வகைக் கலவையையும் விற்கிறார்கள். முதலாவதை மட்டும் வாங்குங்கள்.

பாதுகாப்பை நான் இதைவிடப் பெரிதாக எண்ணுகிறேன். 2004 ஜூலையில் அமெரிக்காவில் இத்தகைய இயந்திரங்கள் வழியே விற்கப்பட்ட 15 கோடி பொம்மை நகைகளை, ஈயம் கலந்திருந்த காரணத்தால் மீளப் பெற வேண்டி வந்தது. அந்த மோதிரங்களும் சங்கிலிகளும் இந்தியாவில் செய்யப்பட்டவை. அதுபோன்ற பளபளக்கும் உலோக நகைகள் கொழும்புப் புறக்கோட்டையில் இன்றும் கிலோக் கணக்கில் கிடைக்கின்றன; மலிவாக இருப்பதால் கப்சூலுக்குள் போடக் கை நீளும். போடாதீர்கள். அடுத்தது தொண்டையில் சிக்கும் ஆபத்து. அமெரிக்க விதிப்படி, ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுமையாக அடங்கும் எந்தச் சாமானும் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு உரியதல்ல. 44 மில்லிமீற்றர் வளையத்துக்குள் புகும் பந்துக்கும் அதே தடை. 1994 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த எச்சரிக்கையை இயந்திரத்தின் மீதே ஒட்டச் சொல்கிறது. இங்கே யாரும் கேட்காவிட்டாலும் தமிழிலும் சிங்களத்திலும் அதை ஒட்டிவிடுங்கள். துள்ளும் சிறு ரப்பர் பந்துதான் உலகெங்கும் இவ்வியாபாரத்தில் அதிகம் விற்கும் சாமான்களில் ஒன்று. அது எப்போதும் வீட்டிலுள்ள சிறிய தம்பி, தங்கையின் கைக்குத்தான் கடைசியில் போய்ச் சேரும்.

பிளாஸ்டிக் விதிகளும் ஒரே திசையில்தான் நகர்கின்றன. 2021 மார்ச் இறுதியிலிருந்து பலூன், பந்து, நீர் விளையாட்டுச் சாமான்கள் நீங்கலாகக் காற்றடைக்கும் பொம்மைகளுக்குத் தடை. 2023 ஒக்டோபரிலிருந்து ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் குழல், கரண்டி, கோப்பை, மாலை என்று பட்டியல் இடியப்பத் தட்டு வரை வந்தது. கப்சூல் ஓடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பொம்மையை எடுத்ததும் ஓட்டைக் கடை வாசலில் போட்டுவிடுவதுதான் பிள்ளைகளின் பழக்கம் என்பதால், அதன்மேல் கண் விழ அதிக காலம் ஆகாது. இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கூடையை வைத்து, ஐந்து ஓடுகள் கொண்டுவந்தால் ஒரு ஸ்டிக்கர் என்று கொடுங்கள். ஓடுகளைக் கழுவி மீண்டும் நிரப்பலாம், கொள்விலையும் குறையும்.

இனிப் பணக் கணக்கு. இவை விளக்கத்துக்காக நான் எடுத்த எண்கள், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். டோக்கன் 100 ரூபாய். சாமானும் ஓடும் கடைக்கு வந்து சேர 50 ரூபாய். கடைக்காரர் பங்கு 25. மிச்சம் 25. ஓர் இயந்திரத்தில் நாளுக்கு இரண்டு திருகல் என்றால் மாதம் 1,500 ரூபாய், பத்து இயந்திரத்துக்கு 15,000. இயந்திரம் ஒன்று 40,000 என்று வைத்தால் போட்ட 4 இலட்சம் திரும்ப இரண்டு வருடத்துக்கு மேலாகும், அதுவும் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிக்காமல். கப்சூல் நிரப்பவென்றே மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஓடினால் லாபம் களுதாவளைக்கு முன்பே தீர்ந்துவிடும். நான் ஓடுவது எப்படியும் ஓட வேண்டிய பாதை. எனவே எனக்குக் கட்டுபடியாகும். உங்களுக்கு வேறு விநியோக வேலை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. நாளுக்கு இரண்டு என்பதும் தானாக நிற்காது. முதல் மாதம் பிள்ளைகள் மொய்ப்பார்கள், மூன்றாம் மாதம் உள்ளே இருப்பவை எல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். சாமானை மாற்றாவிட்டால் விற்பனை படுத்துவிடும்.

இடத்தைப் பற்றிச் சொன்னால், தேநீர்க் கடையும் பெட்டிக்கடையும் வேண்டாம். புடைவைக் கடைகளைப் பாருங்கள். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் முந்திய வாரங்களில் கல்முனையிலும் காத்தான்குடியிலும் தாய்மார் சேலையோ அபாயாவோ தெரிவு செய்து முடிக்க ஒரு மணிநேரம் ஆகும்; அந்த ஒரு மணிநேரம் பிள்ளையை யார் பார்ப்பது என்பது கடை முதலாளியின் கவலை. அவர் பங்கே கேட்காமல் இடம் தரக்கூடும். சிறுவர்களுக்கு முடி வெட்டும் சலூன், பல் வைத்தியரின் காத்திருப்பு அறை, குடும்பமாக வந்து சாப்பிடும் உணவகம் ஆகியவையும் அதே காரணத்தால் பொருந்தும். பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளின் தீர்மானம் கொழும்பில் எடுக்கப்படுவது, அங்கே தனிமனிதருக்கு வழி கிடைப்பது கடினம். மாமாங்கத்து ஆடி அமாவாசையும் திருக்கோவில் தீர்த்தமும் கொக்கட்டிச்சோலைத் தேரும் கூட்டத்தைக் காட்டி ஆசையூட்டும். ஆனால் அங்கே கச்சான் கடைக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்கும் நடுவில் ஊமையாக நிற்கும் இயந்திரம் எடுபடாது. திருவிழாவில் விற்பது கூவும் குரல்.

கியூஆர் மூலம் பணம் பெறும் இயந்திரங்கள் வந்துவிட்டனவே என்பீர்கள். வந்துவிட்டன, மத்திய வங்கியின் லங்கா கியூஆர் பலகை எங்கள் கடைகளிலும் தொங்குகிறது. ஆனால் இயந்திரமே பணத்தை அடையாளம் காண வேண்டுமானால் மின்சாரம், சிம் அட்டை, மின்னணுப் பலகை எல்லாம் சேர்ந்து, விலை மூன்று நான்கு மடங்காகும். உப்புக்காற்றில் முதலில் போவதும் அந்தப் பலகையே. கடைக்காரரின் கியூஆருக்குப் பணம் அனுப்பி டோக்கன் வாங்குவது போதும்.

எதிர்காலம் என்று நான் உண்மையில் நம்புவது இன்னொரு பக்கத்தில் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அறுகம்பைக்கு அலைச்சறுக்க வருபவர்களும், பாசிக்குடாவுக்கு வருபவர்களும் இங்கிருந்து கொண்டுபோகச் சிறிய, மலிவான, எங்கள் மண்ணுக்குரிய பொருள் எதுவும் கடைகளில் இல்லை. இருப்பவை கொழும்பிலும் காலியிலும் கிடைக்கும் அதே யானைகள். கப்சூலுக்குள் கல்லடிப் பழைய பாலம், மட்டக்களப்புக் கோட்டை, வாவியின் பாடும் மீன், பனையோலையில் பின்னிய விரலளவு பெட்டி, மருதமுனைக் கைத்தறித் துண்டில் தைத்த சாவிக்கொத்து என்று எட்டுப் பொருள்களில் ஒரு தொடர் செய்யலாம். விலை 400, 500 ரூபாய் வைத்தாலும் வெளிநாட்டவருக்கு அது ஒரு தேநீரின் விலைதான். எட்டையும் சேர்க்க வேண்டுமென்ற எண்ணமும் வரும். கொள்விலை டொலரோடு ஏறாது. 2022 இல் நடந்ததுபோல 300 க்கு மேற்பட்ட பொருள்களின் இறக்குமதி ஒரே நாளில் நிறுத்தப்பட்டாலும் உங்கள் கப்சூல் நிரம்பும். கைவினைப் பெண்கள் குழுக்கள் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. கடினமான பகுதி, 50 மில்லிமீற்றர் உருண்டைக்குள் அடங்கும் அளவில், ஒன்றுபோல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் செய்யவைப்பது. அதைச் செய்விக்கப் பொறுமை உள்ளவருக்கு வருமானம் இயந்திரத்திலிருந்து அல்ல, அந்தத் தொடரிலிருந்து வரும். இயந்திரம் அவருக்கு ஒரு காட்சிப் பெட்டி.

கடைசியாக, கொழும்பு விற்பனையாளர். நல்ல இடமும் நிச்சய வருமானமும் தருவதாகச் சொல்லி விற்பனை இயந்திரங்களைத் தலையில் கட்டியவர்கள்மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 1990 களிலிருந்து தொடர்ச்சியாக வழக்குப் போட்டு வந்திருக்கிறது. இவரும் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. வாக்குறுதியின் வடிவம் ஒன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். இடம் தருவதாகச் சொல்லும் கடைகளின் பெயர்ப் பட்டியலையும், ஒவ்வொரு கடைக்காரரும் கையெழுத்திட்ட சம்மதத்தையும் முற்பணத்துக்கு முன் கேளுங்கள். துளைச் சக்கரம், காசுப் பொறி, பூட்டு ஆகியவற்றைத் தனித்தனியாக விற்பாரா, என்ன விலைக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு ஒன்றை மட்டும் வாங்கி, தெரிந்த புடைவைக் கடையொன்றில் ஐப்பசியில் வைத்துத் தைப்பொங்கல் வரை பாருங்கள். ஒரு மாரியையும் ஒரு தீபாவளியையும் அது கண்டுவிடும். பத்தும் சேர்த்து எடுத்தால்தான் விலை என்று அவர் நின்றால், கொழும்பில் பாவித்த இயந்திரங்கள் விற்பனைக்கு வருகின்றனவா என்று பாருங்கள். அவற்றில் சாவி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சாவியில்லாத பூட்டைத் துளைபோட்டுத் திறந்தால் காசுப் பெட்டிக் கதவு பிறகு சரியாக மூடாது, அதற்கு மாற்றுக் கதவு தனியாகக் கிடைப்பதும் இல்லை.